மாடித்தோட்டத்துப் பூக்களைப் படமெடுப்பது: மேக்ரோ லென்ஸ் வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: மாடியில் செம்பருத்தி, நந்தியாவட்டை, சங்குப்பூ, இட்லிப்பூ, காகிதப்பூ என்று நிறையத் தொட்டிகள் இருக்கின்றன. கையில் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் ஒன்று, அதோடு வந்த 18–55 மி.மீ. ஜூம் லென்ஸ், தனியாக வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். படங்கள் தெளிவாகத்தான் வருகின்றன, ஆனால் எல்லாமே நர்சரி கேட்லாக் போல இருக்கின்றன. மேக்ரோ லென்ஸ் (மிக நெருக்கத்தில் எடுப்பதற்கான லென்ஸ்) வாங்கினால் இது மாறுமா, இல்லை வேறு உத்திகள் ஏதாவது உண்டா?

மேக்ரோ லென்ஸ் வாங்கினால் பூ பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். படத்தின் குணம் மாறாது. கேட்லாக் படத்தின் வேலை, பூவைப் பற்றிய எல்லாத் தகவலையும் ஒரே சட்டத்தில் சொல்வது. நிறம் என்ன, எத்தனை இதழ், இலை எப்படி, செடி எவ்வளவு உயரம் என்று எல்லாம் அதில் தெரிய வேண்டும். நீங்கள் எடுக்க விரும்பும் படத்துக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. செம்பருத்தியின் முன் நிற்கும்போது உங்களை இழுத்தது எது? அந்தச் சிவப்பா, இதழ் வழியாக ஊடுருவி வரும் வெயிலா, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டா, காற்றில் அது ஆடும் விதமா? அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால், எந்த உத்தி வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். ‘இன்று மல்டிபிள் எக்ஸ்போஷர் (ஒரே சட்டத்தில் பல படங்கள்) செய்து பார்ப்போம்’ என்று உத்தியை முதலில் கையில் எடுத்துக்கொண்டு பூவைத் தேடிப் போனால், வரும் படத்தில் உத்திதான் தெரியும், பூ தெரியாது. கீழே நான் சொல்வதையெல்லாம் பூ முதலில், உத்தி பிறகு என்ற இந்த வரிசையிலேயே படியுங்கள்.

லென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பலருக்கும் தெரியாத ஒன்று, உங்கள் 50 மி.மீ. லென்ஸைவிட அந்தச் சாதாரண 18–55 பூவை அதிகம் நெருங்கும். 55 முனையில் வைத்து, அது ஃபோகஸ் செய்யும் குறைந்தபட்சத் தூரம்வரை போனால் சட்டத்தின் அகலத்தில் சுமார் 7 செ.மீ. மட்டுமே அடங்கும். 50 மி.மீ. லென்ஸில், மாடலைப் பொறுத்து, 10 முதல் 15 செ.மீ. வரை அடங்கும். ஒரு நல்ல செம்பருத்திப் பூவின் அகலமே கிட்டத்தட்ட 10 செ.மீ. ஆகவே பூவால் சட்டத்தை நிரப்ப இப்போதே உங்களிடம் கருவி இருக்கிறது. 50-ஐ நெருக்கத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். பின்னணியைக் கரைப்பதற்கு அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது வெளிச்சம். இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். நம் ஊரில் சூரியன் வேகமாக மேலே ஏறிவிடும். உதித்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சாய்ந்த வெயில் போய்விடுகிறது, அதன்பின் உச்சியிலிருந்து விழும் வெயில்தான். அந்தக் காலை நேரத்தில் நாம் பொதுவாகச் செய்வது, சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, பூவின் முகத்தில் வெயில் விழ எடுப்பது. அதை அப்படியே திருப்புங்கள். பூவுக்குப் பின்னால் சூரியன் இருக்கட்டும், ஆனால் சட்டத்துக்குள் வர வேண்டாம். லென்ஸின் மேல் நேராக வெயில் படாமல் இடது கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பூவின் இதழ் மெல்லியது, வெளிச்சத்தை உள்ளே விடும். பின்வெளிச்சத்தில் இதழின் நரம்புகள் ஒவ்வொன்றும் தெரியும், நிறமும் பூவின் உள்ளிருந்தே எரிவதாகத் தோன்றும். காகிதப்பூவுக்கு இதைவிடப் பொருத்தமான வெளிச்சம் இல்லை. அதில் நாம் பூ என்று நினைப்பது உண்மையில் நிறம் மாறிய இலைகள், பூ என்பது நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல். அந்த நிற இலைகள் எவ்வளவு மெல்லியவை என்பது பின்வெளிச்சத்தில்தான் புரியும்.

செம்பருத்தியை ஒருமுறை பின்பக்கமிருந்து எடுத்துப் பாருங்கள். அதாவது சூரியன் பூவின் முகத்தைப் பார்க்கட்டும், நீங்கள் காம்புப் பக்கம் நில்லுங்கள். மகரந்தத் தண்டின் நிழல் இதழின் மேல் விழுந்து, இதழைத் தாண்டி உங்கள் பக்கம் தெரியும். நிழலை மட்டும் வைத்து ஒரு செம்பருத்தியைச் சொல்லிவிட முடியும். யாரும் எடுக்காத கோணம் இது, அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பின்வெளிச்சத்துக்குப் பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். மாடியில் இது சிரமம்தான். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, கேபிள் வயர், பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாம் சட்டத்துக்குள் வந்து நிற்கும். இதற்கு நல்ல வழி, படிக்கட்டு அறையின் திறந்த கதவு. வெயிலில் இருக்கும் பூவுக்கு ஏற்ப எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவை) வைத்தால், கதவுக்குள் இருக்கும் இருட்டு சுத்தமான கறுப்பாகிவிடும். தொட்டியைத் தூக்கிக் கதவின் எதிரில், வெயில் படும் இடத்தில் வையுங்கள். தூக்க முடியாத தொட்டி என்றால் ஒரு கறுப்புக் குடையை விரித்துச் செடிக்குப் பின்னால் நிழலில் சாய்த்து வைத்தால் போதும்.

இப்போது எக்ஸ்போஷர். சிவப்புச் செம்பருத்தி எடுத்தால் இதழெல்லாம் ஒரே சிவப்புத் திட்டாக, மடிப்போ நரம்போ இல்லாமல் வருகிறதா? பலருக்கும் அப்படித்தான் வரும். ஃபோகஸ் தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். நடப்பது வேறு. கேமராவின் சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) மொத்த வெளிச்சத்தைக் காட்டும்போது பச்சைக்குத்தான் அதிக எடை கொடுக்கும், சிவப்புக்கு அதில் பாதிதான். ஆகவே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிட்டாலும் ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்றே சொல்லும். மெனுவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும் வசதியைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வலது ஓரத்தில் போய் முட்டினால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை மைனஸ் ஒன்று வரை இறக்குங்கள். படம் இருட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, ரா கோப்பில் (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்தால் பின்னால் மெல்ல ஏற்றிக்கொள்ளலாம். நிரம்பி வழிந்த நிறத்தை மீட்க வழியில்லை. ‘விவிட்’ போன்ற நிற அமைப்புகளையும் பூவுக்கு அணைத்துவிடுங்கள்.

நந்தியாவட்டைக்கு நிலைமை வேறு. கேமராவின் வெளிச்ச மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். சட்டம் முழுக்க வெள்ளை இதழ் என்றால் படம் அழுக்குச் சாம்பலாக வரும், ஆகவே பிளஸ் ஒன்று ஏற்ற வேண்டும். அதே பூ, கரும்பச்சை இலைகளுக்கு நடுவே சின்னதாக இருந்தால் மீட்டர் இலைகளைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பூ வெளுத்துப்போகும், அப்போது மைனஸ் போக வேண்டும். ஒரே செடி, ஒரே வெளிச்சம், தள்ளி நின்றால் ஒன்று, நெருங்கினால் இன்னொன்று. சங்குப்பூவுக்கு ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) ஆட்டோவில் விடாதீர்கள். சட்டம் முழுக்க நீலமாக இருப்பதைக் கேமரா தவறென்று எடுத்துக்கொண்டு திருத்தப் பார்க்கும், அந்த ஆழ்ந்த நீலம் மங்கிவிடும். டேலைட்டில் வைத்துவிட்டால் போதும்.

காலை வெயில் போனபிறகு கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. பத்துமணிப்பூ, அதாவது டேபிள் ரோஸ், நல்ல வெயில் வந்தபின்தான் விரியும், பிற்பகலில் மூடிக்கொள்ளும். அதைக் காலைப் பனியில் எடுக்க ஆசைப்பட்டால் மொட்டுதான் கிடைக்கும். இங்கே ஒரு பழைய வெள்ளை வேட்டி பெரிய உதவி. இரண்டு மடிப்பாக, பூவுக்கு மேலே ஒருவர் பிடித்துக்கொண்டால் உச்சி வெயிலின் கடுமை போய் மென்மையான வெளிச்சம் கிடைக்கும். பக்கத்தில் ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் நிழல் பக்கமும் நிரம்பும். கடையில் விற்கும் டிஃப்யூசரும் ரிஃப்ளெக்டரும் செய்வது இதையேதான்.

அதே வேட்டியை வைத்து எனக்கு மிகவும் பிடித்த படங்களை எடுக்கலாம். காலையோ மாலையோ, சூரியன் தாழ்ந்திருக்கும்போது, செடிக்கு இந்தப் பக்கம் வேட்டியை விறைப்பாகத் துணிக்கொடியில் கட்டுங்கள். வரிசை இதுதான்: சூரியன், செடி, வேட்டி, கேமரா. நீங்கள் எடுப்பது துணியின் மேல் விழும் நிழலை. துணியை ஒட்டியிருக்கும் பூவின் விளிம்பு கூர்மையாக விழும், மெல்லிய இதழாக இருந்தால் அதன் நிறமும் லேசாகத் துணியில் இறங்கும். தள்ளியிருக்கும் கிளைகள் கலங்கித் தெரியும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வானத்தில் சுமார் அரை டிகிரி அகலம் கொண்டிருப்பதால், ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் கிளையின் நிழல் விளிம்பு ஏறத்தாழ ஒரு செ.மீ. அளவுக்குக் கலங்கும். இந்தக் கூர்மையும் கலக்கமும் சேர்ந்து படத்துக்கு ஆழம் கொடுக்கின்றன. துணியின் நெசவும் மேலே தெரியும். சங்குப்பூக் கொடி, இட்லிப்பூக் கொத்து, காகிதப்பூ மூன்றுக்கும் இது நன்றாக வரும். அடர்ந்த இலைகள் உள்ள செடி என்றால் வெறும் கறுப்புத் திட்டுதான் மிஞ்சும்.

சரி, ஃபோகஸுக்கு வருவோம். நெருக்கத்தில் எல்லாவற்றையும் கூர்மையாக்கப் பார்ப்பதுதான் கேட்லாக் பழக்கம். 50 மி.மீ. லென்ஸை அதன் மிகக் குறைந்த தூரத்தில் எஃப் 1.8-இல், அதாவது லென்ஸின் துவாரம் (அப்பெர்ச்சர்) முழுக்கத் திறந்த நிலையில், வைத்தால், கூர்மையாக இருக்கும் ஆழம் சில மில்லிமீட்டர்தான், புதிய மாடல்களில் 2 மி.மீ. அளவே வரும். செம்பருத்தியின் மகரந்தத் தண்டோ பூவிலிருந்து ஐந்தாறு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். துவாரத்தைச் சுருக்கி எஃப் 8-க்குப் போனாலும் தண்டும் இதழும் சேர்ந்து கூர்மையாகாது. ஆகவே முடிவெடுத்தே ஆக வேண்டும். தண்டின் நுனியில் இருக்கும் ஐந்து சிவப்புக் குமிழ்களில் ஃபோகஸ் வைத்து இதழ்கள் வெறும் சிவப்பு மேகமாகக் கரையட்டும். அல்லது இதழின் ஒரு விளிம்பில் வைத்து, தண்டு முன்னால் ஒரு மங்கலான கோடாக நிற்கட்டும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, ஃபோகஸை ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டு, உங்கள் உடலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) கூர்மை பூவின் மேல் நகர்ந்துபோவது தெரியும், நல்ல இடம் வரும்போது அழுத்துங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு வேலை, பொருட்களின் ஊடாக எடுப்பது. லென்ஸின் கண்ணாடியை ஒட்டினாற்போல ஒரு இலையோ இன்னொரு பூவோ வரும்படி கேமராவை வையுங்கள், அப்பெர்ச்சர் முழுக்கத் திறந்திருக்கட்டும். ஒட்டியிருக்கும் பூ உருவமே இல்லாமல் நிறத் திரையாகிவிடும், அதன் நடுவே நீங்கள் ஃபோகஸ் செய்த பூ தெரியும். மாடியில் தொட்டிகள் நெருக்கமாக இருப்பது இதற்கு வசதி. மஞ்சள் சாமந்திக் கூட்டத்தின் ஊடே பின்னால் இருக்கும் ஒரே ஒரு சங்குப்பூவைப் பாருங்கள், நீலமும் மஞ்சளும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்.

கொஞ்சம் துணிச்சல் இருந்தால் ஃப்ரீலென்சிங். 50 மி.மீ. லென்ஸைக் கழற்றி, கேமரா வாய்க்கு முன்னால் கையாலேயே பிடித்துக்கொண்டு, லேசாகச் சாய்ப்பது. லென்ஸ் சாய்ந்தால் கூர்மையான தளமும் சாயும். ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் வானிலிருந்து எடுத்த படங்களைத் திருத்துவதற்காக 1904-இல் காப்புரிமை வாங்கிய விதி இதன் அடிப்படை. பூவில் இதன் பயன், ஒரே ஒரு இதழின் நுனியிலிருந்து காம்புவரை ஒரு கோடு கூர்மையாக நிற்க, அதன் இருபுறமும் கரைந்துபோவது. கழற்றிய லென்ஸும் கேமராவும் இடைவெளி விடுவதால் வெளிச்சம் உள்ளே கசிந்து ஒரு மெல்லிய படலமும் சேரும். கேனான் லென்ஸ் கழற்றியபின்னும் அப்பெர்ச்சர் திறந்தே இருக்கும். அப்பெர்ச்சர் வளையம் இல்லாத பழைய நிக்கான் லென்ஸுகள் கழற்றியதும் மூடிக்கொள்ளும், பின்பக்கம் இருக்கும் சின்ன நெம்புகோலைத் திறந்து பிடிக்க வேண்டும். மிரர்லெஸ் கேமரா என்றால் ‘லென்ஸ் இல்லாமல் எடு’ என்ற அமைப்பை மெனுவில் இயக்க வேண்டியிருக்கும். தூசி உள்ளே போகும் என்பது உண்மை. ஆகவே காற்றடிக்கும் மொட்டைமாடியில் இதைச் செய்யாதீர்கள், பூந்தொட்டியை ஜன்னலோரம் கொண்டுவந்து வீட்டுக்குள் செய்யுங்கள்.

காற்று என்றதும் அசைவு. பூவைப் படமெடுப்பவர்கள் எல்லோரும் காற்றைத் திட்டுவார்கள். கூர்மையான படம் வேண்டுமென்றால் ஒரு குச்சியை மண்ணில் ஊன்றி, துணி கிளிப்பால் காம்பைப் பிடித்துவிடலாம். ஆனால் சென்னை போன்ற கடலோர ஊர்களில் பிற்பகலில் கடற்காற்று வந்துவிட்டால் கிளிப்பால் ஒன்றும் ஆகாது, அப்போது அந்தக் காற்றையே எடுங்கள். கேமராவை ட்ரைபாடில் வைத்து, ஷட்டர் 1/2 வினாடி திறந்திருக்கட்டும். தொட்டி, தண்டின் அடிப்பகுதி எல்லாம் அசையாமல் கூர்மையாக இருக்கும், மேலே பூக்கள் மட்டும் நிறக் கீற்றுகளாக விரியும். அசையாத ஏதோ ஒன்று சட்டத்தில் இருந்தால்தான் அசைவு அசைவாகத் தெரியும், இல்லாவிட்டால் கை ஆடிய படம் என்றுதான் நினைப்பார்கள். கேமராவில் பாப்-அப் ஃப்ளாஷ் இருந்தால் அதன் சக்தியைக் குறைத்து, ரியர் கர்ட்டன் சிங்க் என்ற அமைப்பில் வைத்து 1/4 வினாடி எடுத்துப் பாருங்கள். அசைவு முழுக்கப் பதிந்தபின் கடைசி நொடியில் ஃப்ளாஷ் அடிக்கும், கீற்றுகளின் முனையில் கூர்மையான பூ நிற்கும்.

கேமராவையே வேண்டுமென்று அசைப்பதும் உண்டு. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எர்ன்ஸ்ட் ஹாஸ் 1950-களில் மெதுவான ஷட்டரில் வண்ண அசைவுகளை எடுத்து இதற்கு மதிப்பு உண்டாக்கியவர். எவ்வளவு வேகம் என்றால், 1/15-இலிருந்து 1/2 வினாடி வரை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 16 வைத்தாலும் 1/100 வினாடிதான் வரும், ஆகவே மாலை வெளிச்சம் வேண்டும், அல்லது வெளிச்சத்தை நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைக்கும் என்.டி. 16 என்ற கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் வேண்டும். லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பை) அணைத்துவிடுங்கள். அசைவின் திசையைப் பூவே சொல்லும். நீண்ட தண்டில் நிற்கும் பூக்களுக்கு மேலிருந்து கீழ், வட்டமான இட்லிப்பூக் கொத்துக்கு லென்ஸை அச்சாக வைத்து லேசான சுழற்சி, காகிதப்பூப் புதருக்கு அது கவிந்திருக்கும் வளைவிலேயே ஒரு வீச்சு. ஷட்டரை அழுத்துமுன் அசைக்கத் தொடங்கி, மூடியபின் நிறுத்த வேண்டும். எனக்கு அதிகம் பயன்படும் முறை வேறு. 1/2 வினாடி வைத்து, முதல் பாதியில் அசையாமல் பிடித்து, இரண்டாம் பாதியில் மட்டும் நகர்த்துவேன். பூவின் உருவம் லேசாகப் பதிந்திருக்கும், அதன் மேல் நிறம் வழியும். முற்றிலும் உருவமழிந்த படத்தைவிட இது பார்ப்பவரை அதிக நேரம் நிறுத்துகிறது. ஜூம் வளையத்தைத் திருப்பிக்கொண்டே எடுக்கும் முறையும் உண்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்தப் பூவை எடுத்தாலும் ஒரே வெடிப்பாகத்தான் வரும், பூவுக்கு அங்கே வேலையில்லை.

மல்டிபிள் எக்ஸ்போஷருக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், பூவுக்கு இதில் நிறைய வாய்ப்பு இருக்கிறது. எளிமையானது, ஒரே சட்டத்தில் இரண்டு படம்: முதலாவது கூர்மையாக, இரண்டாவது ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து. கூர்மையான பூவைச் சுற்றி அதன் நிறமே ஒளிவட்டமாகப் படரும். கனடாவைச் சேர்ந்த மைக்கேல் ஆர்ட்டன் 1980-களில் ஸ்லைடு ஃபிலிமில் இதைச் செய்து பிரபலமாக்கினார். ஒன்று கூர்மையான ஸ்லைடு, ஒன்று கலங்கிய ஸ்லைடு, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் இருட்டாகிவிடும் என்பதால் இரண்டையும் அதிக வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டார். டிஜிட்டல் கேமராவில் கணக்கு தலைகீழ். வெளிச்சங்களைக் கூட்டும் முறையில் இரண்டு படம் என்றால் ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாப் குறைவாக, நான்கு என்றால் இரண்டு ஸ்டாப் குறைவாக எடுக்க வேண்டும். சராசரி எடுக்கும் முறை இருந்தால் கேமராவே பார்த்துக்கொள்ளும். இருட்டான பகுதியில்தான் அடுத்த படம் பதியும் என்பதை நினைவில் வையுங்கள். முதலில் வெயிலில் ஒரு நிழலுருவம் எடுத்து, அதன் மேல் நெருக்கத்தில் எடுத்த சாமந்தி இதழ்களைப் பதித்தால், கறுப்பாக இருந்த உருவத்துக்குள் மட்டும் சாமந்தி நிறையும்.

ஆரம்பநிலைக் கேமராக்கள் பலவற்றில் இந்த வசதி இருக்காது. கவலையில்லை, தனித்தனியாக எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் அடுக்குகளாக வைக்கலாம். அடியில் இருப்பது 100 சதவீதம், அதற்கு மேல் 50, அதற்கு மேல் 33, அடுத்தது 25 என்று ஒளிபுகாத் தன்மையைக் குறைத்துக்கொண்டே போனால் எல்லாப் படங்களும் சம எடையில் கலக்கும். ஸ்பெயினின் கட்டலோனியாவைச் சேர்ந்த பெப் வென்டோசா மரங்களைச் சுற்றி நடந்து, எல்லாப் பக்கமிருந்தும் எடுத்த படங்களை இப்படி அடுக்கிப் புகழ்பெற்றார். நீங்கள் நடக்கக்கூட வேண்டாம், தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் போதும். செடியின் தண்டு எப்போதும் சட்டத்தின் ஒரே இடத்தில் இருக்கட்டும். தண்டு அழுத்தமாக நிற்கும், பூக்களும் இலைகளும் சுற்றிலும் அதிர்ந்துகொண்டிருக்கும். தொட்டியைத் திருப்பும்போது பின்னணி மாறாது என்பதால் வெறும் சுவர் பின்னால் இருந்தால் சுத்தமாக வரும்.

பவழமல்லி இருக்கிறதா? இரவில் விரிந்து விடியலில் கொட்டிவிடும் பூ அது. கீழே கிடப்பதை அப்படியே நேர் மேலிருந்து எடுங்கள், கையால் அடுக்காதீர்கள். கவிழ்ந்து விழுந்தவை ஆரஞ்சுக் காம்பைக் காட்டும், நிமிர்ந்து விழுந்தவை வெள்ளை இதழைக் காட்டும். அந்த ஒழுங்கற்ற கலவையை நம்மால் செயற்கையாக உண்டாக்க முடியாது. இதையும் சற்றுக் கேமராவைத் திருப்பித் திருப்பி மூன்று நான்கு அடுக்குகளாக எடுத்தால் அழகான கோலம் கிடைக்கும்.

இரவில் விரியும் நிஷாகந்தி, நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்று சொல்லும் பூ, வீட்டில் இருந்தால் ஃப்ளாஷ் அடித்து வீணாக்காதீர்கள். அது இரவு ஒன்பது பத்து மணிக்கு மேல் நன்றாக விரிந்து விடியுமுன் வாடிவிடும். ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 10 வினாடி என்று வைத்து, மாடி விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பூவின் பின்பக்கமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் இரண்டு மூன்று வினாடி மெல்ல நகர்த்துங்கள். டார்ச் லென்ஸைப் பார்க்கக் கூடாது, ஒரே இடத்தில் நிற்கவும் கூடாது. ஒவ்வொரு முறையும் வேறு படம் வரும். முன்பக்கமிருந்து ஒருபோதும் அடிக்க வேண்டாம், இதழ்களின் அடுக்கு தட்டையாகிவிடும்.

உருவத்தை மட்டும் எடுக்க ஆசை வந்தால் இரண்டு பேரின் படங்களைத் தேடிப் பாருங்கள். அமெரிக்காவின் இமோஜன் கன்னிங்ஹாம், சின்னக் குழந்தைகளோடு வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்த 1920-களில், கலிஃபோர்னியாவில் தன் தோட்டத்துச் செடிகளையே எடுத்தார். 1925-இல் அவர் எடுத்த மக்னோலியா, உள்ளே இருக்கும் கூம்பு நடுவில் தெரிய, விரிந்த பூவால் சட்டத்தை நிரப்பிய கறுப்பு வெள்ளைப் படம். ஜெர்மனியின் கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் ஒரு கலைப்பள்ளி ஆசிரியர், தானே செய்த கேமராவால் மொட்டுகளையும் கொடிச்சுருள்களையும் 30 மடங்கு வரை பெரிதாக்கி, வெறும் சாம்பல் பின்னணியில் எடுத்தார். இருவரும் செய்தது எளிமையானது. நிறத்தை விட்டுவிட்டார்கள், மற்றதை எல்லாம் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். மொட்டு, வாடிய பூ, விதைக்காய் என்று பூவின் முன்னும் பின்னும் உள்ள நிலைகளை எடுக்க அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். சங்குப்பூவின் காய் வெடித்துச் சுருண்டபின் இருக்கும் வடிவம் அந்தப் பூவைவிட எனக்குப் பிடிக்கும். அதே சமயம், படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாக்கிப் பூவை மட்டும் சிவப்பாக விடும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இலைப்பச்சை இல்லாத சிவப்புக்கு உயிரே இல்லை.

கையில் போன் மட்டும் இருக்கும் நேரத்துக்கு இரண்டு குறிப்புகள். போர்ட்ரெய்ட் மோடைப் பூவுக்குப் போடாதீர்கள், மகரந்தக் கம்பிகளின் விளிம்பைத் தப்பாக வெட்டி மங்கலாக்கிவிடும். டெலி லென்ஸ் இருந்தால் தள்ளி நின்று அதில் எடுங்கள். ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து, பின்னர் லாங் எக்ஸ்போஷர் என்று மாற்றினால் காற்றில் ஆடும் பூக்களுக்கு ஃபில்டர் இல்லாமலே அசைவு கிடைக்கும்.

கடைசியாக, காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் என்ன வாங்குவது என்று கேட்பீர்கள். மேக்ரோ லென்ஸுக்கு முன் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்குங்கள். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் குழல் அது, லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி வைக்கும், விலையும் மேக்ரோ லென்ஸின் ஒரு சிறு பகுதிதான். குழலின் நீளத்தை லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம் கிடைக்கும். உங்கள் 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழல் போட்டால் உருப்பெருக்கத்தில் 0.5 கூடும், அதாவது தும்பைப் பூங்கொத்தும் சட்டத்தை நிரப்பத் தொடங்கும். அந்த நெருக்கத்தில் ஆழம் இன்னும் குறையும் என்பதால் எஃப் 8, எஃப் 11 வேண்டியிருக்கும். மின்தொடர்பு இல்லாத மலிவான குழலில் கேனான் லென்ஸின் அப்பெர்ச்சரை மாற்ற முடியாது, முழுக்கத் திறந்தபடியே நிற்கும். ஆகவே உள்பக்கம் பொன்னிறத் தொடர்பு முனைகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். திருகிப் பொருத்தும் பழைய எம்42 லென்ஸுகள் மேல் ஆர்வம் இருந்தால் சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, அதாவது 58 மி.மீ. எஃப் 2, நல்ல தேர்வு. பூவுக்குப் பின்னால் இலைகளின் ஊடே வெளிச்சப் புள்ளிகள் நிறைய இருந்தால் அவற்றைச் சுழல விட்டுவிடும். கேனான் கேமராவில் எளிய அடாப்டரோடு பொருந்தும். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் தூரத்துப் பொருள்கள் ஃபோகஸ் ஆகாது, ஆனால் நீங்கள் எடுக்கப்போவது பக்கத்தில் இருக்கும் பூக்களைத்தான் என்பதால் அந்தக் குறை உங்களைப் பெரிதாகப் பாதிக்காது.